இன்னொருவரின் ‘நான்’

குணேஸ்வரி மொன்றியலில் பதினொரு வருடங்களாக மொழிபெயர்ப்பாளராக இருந்தாள். அகதியாக ஏற்கச் சொல்லிக் கேட்பவர்கள் விசாரணையில் தமிழில் சொல்வதை ஆங்கிலத்திலும், விசாரிப்பவர் ஆங்கிலத்தில் கேட்பதைத் தமிழிலும் சொல்வது அவள் வேலை. அந்த வேலையில் ஒரு கட்டாயம் உண்டு. கதை சொல்பவர் ‘நான்’ என்றால் அவளும் ‘நான்’ என்றுதான் சொல்ல வேண்டும். ‘இவர் இப்படிச் சொல்கிறார்’ என்று ஒதுங்கி நிற்க முடியாது. அந்தக் கணக்கில் அவள் சுற்றிவளைப்பில் பிடிபட்டிருக்கிறாள், முகாமில் தலைகீழாகத் தொங்கியிருக்கிறாள், படகு கவிழ்ந்து மூன்று முறை பிழைத்திருக்கிறாள். எல்லாம் மற்றவர்களுடைய ‘நான்’. பார்க் எக்ஸ்டென்ஷனில் மூன்றாம் மாடியில் இருக்கும் தன் வீட்டுக்குப் போய் முகத்தைக் கழுவினால் எல்லாம் போய்விடும் என்று அவள் சொல்லுவாள். பெரும்பாலும் போய்விடும்.

2006ஆம் ஆண்டு ஆவணியில் ஊருக்குப் போகும் பாதையைப் பூட்டினார்கள், சண்டை திரும்பத் தொடங்கியது. யாரைக் கண்டாலும் அதே கதை. செய்தி பார்ப்பதைக் குறைக்க வேண்டும் என்று நினைத்து, டவுன்டவுனில் இருக்கும் பல்கலைக்கழகத்தில் ஒரு பாடத்துக்குப் பெயர் கொடுத்தாள். செவ்வாய்க்கிழமை பின்னேரங்களில் அவளுக்கு வேலை இல்லை. செவ்வாய்க்கிழமை பின்னேரம் இருந்த பாடம் அது ஒன்றுதான். பழைய கிரேக்கர்கள் மனித சுபாவத்தையும் விதியையும் போரையும் பற்றி என்ன நினைத்தார்கள் என்பது பாடம். போர்ச் செய்தியிலிருந்து தப்பி இரண்டாயிரத்து ஐந்நூறு வருடத்துக்கு முந்திய போருக்குள் போய் இருந்தாள் என்று பின்னால் அவளே நினைத்துக்கொண்டாள்.

பாடம் எடுத்தவள் அக்னெஸ். ஐம்பது வயது கடந்த கியூபெக்காரி, முதல் பனி விழும்வரை சைக்கிளில்தான் வருவாள். அவள் எதிரிநாட்டுப் போரைப் பற்றி அதிகம் பேசவில்லை. ஒரே ஊர், ஒரே பாஷை, ஒரே சாமி, ஆனால் பக்கத்து வீட்டுக்காரன் பக்கத்து வீட்டுக்காரனைக் கொன்ற சண்டைகளைப் பற்றித்தான் வாரக்கணக்காகப் பேசினாள். கிரேக்கர்களுக்கு அதுதான் மிகப் பெரிய அதிர்ச்சியாக இருந்ததாம். போர் மனிதனை மாற்றிவிட்டது என்று அவர்கள் சமாதானம் சொல்லவில்லை, முதலிலேயே உள்ளே இருந்ததைப் போர் வெளியே எடுத்துக் காட்டியது என்று நினைத்தார்கள் என்றாள். விதியைப் பற்றிச் சொல்லும்போது, அது நெற்றியில் எழுதிவைத்த எழுத்து அல்ல, ஒரு மனிதன் நல்லது செய்வதாக எண்ணிக்கொண்டு தன் சொந்தக் கால்களால் நடந்துபோய்ச் சேருகிற இடம் என்றாள்.

குணேஸ்வரி அன்றைக்குக் குறிப்பு எழுதுவதை நிறுத்திவிட்டாள். அவளுடைய தம்பி தயாளன் எண்பத்தாறில் செத்தவன். ஒரு இயக்கம் இன்னொரு இயக்கத்தைத் தடைசெய்து, ஒலிபெருக்கியில் சரணடையச் சொல்லி, தேடித் தேடிச் சுட்ட வருடம் அது. தயாளனுக்குப் பத்தொன்பது வயது. அவன் தடைசெய்யப்பட்ட பக்கத்தில் இருந்தான். கோண்டாவில் வீட்டின் பின்வேலியால் பாய்ந்து மட்டுவிலில் மாமி வீட்டுக்குப் போனான், அங்கே வைத்துப் பிடித்துச் சுட்டுவிட்டார்கள். இடத்தைக் காட்டிக் கொடுத்தவர் மாமியின் புருஷன் சிவநேசம் மாமா. குடும்பம் முழுவதற்கும் இது தெரிந்த விஷயம். லண்டன், பாரிஸ், ரொறன்ரோ என்று எங்கே சொந்தக்காரர் கூடினாலும் சிவநேசத்தின் பெயர் வந்தால் பேச்சு நின்றுவிடும். அவர் ஊரில் இருக்க முடியாமல் திருச்சிக்குப் போய், மாமியையும் அங்கேயே தகனம் செய்துவிட்டு, மகளோடு இருந்தார். இருபது வருடமாக யாரும் அவருக்கு ஒரு கடிதம்கூடப் போடவில்லை.

அக்னெஸ் கொடுத்த கட்டுரைத் தலைப்பு ஒரு பழைய சட்டத்தைப் பற்றியது. ஏதென்ஸ் நகரத்தில், கொல்ல வேண்டும் என்ற எண்ணம் இல்லாமல் ஒருவனுடைய சாவுக்குக் காரணமானவனும் ஊரைவிட்டு வெளியேற வேண்டும். செத்தவனின் தகப்பன், சகோதரர், பிள்ளைகள் எல்லாரும் மன்னித்தால் திரும்பி வரலாம். ஒருவர் மாட்டேன் என்றாலும் வர முடியாது. தெரியாமல் செய்தவனுக்கும் கறை உண்டு என்பது நியாயமா என்று எழுதச் சொன்னாள்.

குணேஸ்வரி எட்டுப் பக்கம் எழுதினாள். நியாயமே இல்லை என்று எழுதினாள். தெரிந்து செய்தால்தான் குற்றம், தெரியாமல் செய்தவனுக்கு ஒரு கறையும் கிடையாது, எங்கள் ஆட்கள் இதை விதி என்று சொல்லி முடித்துவிடுவார்கள், அதில் ஒரு இரக்கம் இருக்கிறது என்று எழுதினாள். எழுதிக் கொடுத்துவிட்டு வரும்போது மனதுக்கு நிறைவாக இருந்தது.

அதற்கு ஒன்பதாம் நாள், ஐப்பசி மாதத்து வியாழக்கிழமை காலை, ஒரு விசாரணைக்குப் போனாள்.

சின்ன அறை. மேசையின் ஒரு பக்கம் விசாரிப்பவர், தலை நரைத்த அமைதியான மனிதர். மறு பக்கம் கோரிக்கையாளரும் அவருடைய வழக்கறிஞரும். வழக்கறிஞர் இளம்பெண். கோரிக்கையாளரின் பெயர் இரவிச்சந்திரன், வயது முப்பத்தேழு. ஒரு கன்னத்தில் பழைய காயத்தின் அடையாளம். போன வருடம் வேறொருவரின் கடவுச்சீட்டில் வந்து இறங்கியவன். தொடங்குவதற்கு முன் வழக்கப்படி இருவரும் இரண்டு நிமிடம் கதைத்து, ஒருவர் பேசுவது மற்றவருக்கு விளங்குகிறது என்று உறுதி செய்தார்கள். அவன் அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டான். எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

எழுதிக் கொடுத்த கதையில் அவன் மாணவன், எந்த இயக்கத்திலும் சேராதவன், இராணுவத்துக்குப் பயந்து ஓடியவன். முக்கால் மணிநேரம் எல்லாம் அந்தக் கதையின்படியே போனது. பிறகு விசாரிப்பவர், எல்லாரிடமும் கேட்கிற கேள்வியை, தலை நிமிராமலே கேட்டார். ஆயுதக் குழு ஏதாவது ஒன்றில் எப்போதாவது இருந்தீர்களா?

குணேஸ்வரி அதைத் தமிழில் சொன்னாள். அவன் தண்ணீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவ்வளவு நேரம் அப்படி இருந்ததால் கேள்வி விளங்கவில்லையோ என்று நினைத்து அவள் திரும்பவும் சொன்னாள்.

“ஓம்,” என்றான். “இருந்தனான்.”

வழக்கறிஞரின் பேனா நின்றது. அவள் கையை உயர்த்தி ஏதோ சொல்ல வந்தாள், ஆனால் அவன் தொடங்கிவிட்டான். நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு வசனத்துக்கும் குணேஸ்வரி சொல்லி முடிக்கும்வரை காத்திருந்து, நன்றாகப் பழகியவன்போலச் சொன்னான். எண்பத்தாறில் தனக்குப் பதினேழு வயது என்றான். எனக்குப் பதினேழு வயது என்றாள் அவள். மற்ற இயக்கத்துப் பெடியளைத் தேடிப் பிடிக்கச் சொன்னார்கள், நானும் இன்னொருவரும் சைக்கிளில் போவோம் என்றான். அவளும் சைக்கிளில் போனாள். கோண்டாவில் என்றான். கோண்டாவிலில் ஆயிரம் வீடுகள் இருந்தன, அவள் யோசிக்கவில்லை.

“அங்கை ஒரு வீட்டை போனம். பெடியன் இல்லை. அவன்ர அக்கா நிண்டவ. நாங்கள் அவன்ர கூட்டாளிகள் எண்டு சொன்னம். இயக்கத்துக்குள்ள அவனைக் கூப்பிடுற பேரையும் சொன்னம். அவ உடனை நம்பிற்றா. தேத்தண்ணி தந்தவ.”

குணேஸ்வரி சொன்னாள். நாக்கு பழக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

“மட்டுவிலில மாமி வீட்டை நிக்கிறான் எண்டு சொன்னவ. அவசரத்தில கண்ணாடியை விட்டிட்டுப் போயிற்றான், அது இல்லாட்டி அவனுக்கு ஒண்டும் தெரியாது, குடுத்துவிடுங்கோ எண்டு லேஞ்சியில சுத்தித் தந்தவ.”

இந்த இடத்தில் அவளுக்குக் காது அடைத்தது. அறை தூரத்தில் இருப்பது மாதிரி இருந்தது. நிறுத்த வேண்டும் என்று தெரிந்தது. ஆனால் அவளுடைய குரல் ஆங்கிலத்தில் கைக்குட்டை என்று சொல்லி, மூக்குக்கண்ணாடி என்று சொல்லி, முற்றுப்புள்ளியும் வைத்துவிட்டது. விசாரிப்பவர் எழுதிக்கொண்டிருந்தார். இரவிச்சந்திரன் அடுத்ததைச் சொன்னான்.

“அண்டைக்குப் பின்னேரமே மட்டுவிலுக்குப் போனம். வீட்டுக்காரர் அவனைக் கூப்பிட்டு விட்டவர். தோட்டக்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனம். கண்ணாடி என்னட்டை இருந்தது, குடுத்தனான். போட்டிட்டு என்னை வடிவாப் பாத்தான். அக்கா தந்தவவோ எண்டு கேட்டான். நான் ஓம் எண்டனான்.”

கொஞ்சம் பொறுத்து, “நான்தான் சுட்டனான்,” என்றான்.

அவள் அதையும் சொன்னாள். அவன் கண்ணாடியைப் போட்டான், அக்கா தந்ததா என்று கேட்டான், நான் ஆம் என்றேன், அவனைச் சுட்டது நான். சுழன்றுகொண்டிருந்த ஒலிநாடாவில், தெளிவான ஆங்கிலத்தில், அவளுடைய குரலில் அது பதிவாகியது.

வழக்கறிஞர் வெளுத்துப்போய் இருந்தாள். அவளுக்கும் இந்தக் கதை இப்போதுதான் தெரிய வந்திருக்கிறது என்பது முகத்தில் தெரிந்தது.

மொழிபெயர்ப்பாளருக்கு இன்னொரு கட்டாயமும் உண்டு. மற்றவர்களுக்காக ‘நான்’ என்று சொல்பவர், தன் சொந்த விஷயம் ஒன்றைச் சொல்ல வேண்டி வந்தால் ‘நான்’ என்று சொல்லக் கூடாது. குழப்பம் வரும், ‘மொழிபெயர்ப்பாளர்’ என்றே சொல்ல வேண்டும். குணேஸ்வரி கையை மேசையில் வைத்து, மொழிபெயர்ப்பாளரால் இந்த விசாரணையில் தொடர முடியாது என்றாள். விசாரிப்பவர் முதல் தடவையாக அவளை நேரே பார்த்து, காரணம் கேட்டார். மொழிபெயர்ப்பாளருக்கு இறந்தவரைத் தெரியும் என்றாள்.

இரவிச்சந்திரனுக்கு ஆங்கிலம் விளங்காது. “என்னவாம் அக்கா?” என்று கேட்டான்.

அறையில் சொல்லப்படுவது எல்லாமே அவனுக்குத் தமிழில் சொல்லப்பட வேண்டும். அவள் சொன்னாள்.

“மொழிபெயர்ப்பாளருக்குச் செத்தவரைத் தெரியுமாம்.”

அவன் அவளைப் பார்த்தான். நெற்றி, கண், வாய் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தான். பிறகு இரண்டு கைகளையும் மேசையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்தான். அதற்குப் பிறகு நிமிரவில்லை. விசாரணை ஒத்திவைக்கப்பட்டது. வெளியே தெருவில் ஆட்கள் மதியச் சாப்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அவள் நாலு மெட்ரோ நிலையங்களைத் தாண்டி நடந்த பிறகுதான், மேற்சட்டையை உள்ளேயே விட்டுவிட்டு வந்தது தெரிந்தது.

அந்த வெள்ளி, சனி, ஞாயிறு அவள் வெளியே போகவில்லை. தம்பியைச் சுட்டவனைக் கண்டுவிட்டாள். ஆனால் அவனைப் பற்றி யோசிக்க முடியவில்லை. திரும்பத் திரும்ப ஒரு காலைநேரம்தான் வந்தது. வாசல் படலையடியில் இரண்டு சைக்கிள். ஒருவன் உள்ளே வந்து நன்றாகக் கதைத்தான், மற்றவன் சைக்கிளைப் பிடித்தபடி நின்று தேத்தண்ணி குடித்தான், சின்னப் பெடியன். அந்தக் கண்ணாடியைக் கொடுத்ததை அவள் மறக்கவில்லை. யாருக்கும் சொல்லவும் இல்லை. செத்த வீட்டன்று, அந்தப் பெடியள்தானோ என்று அவளுக்குள் ஒரு கேள்வி எழும்பியது உண்மை. அடுத்த கிழமை சிவநேசம் மாமாவின் பெயர் அடிபட்டதும் அந்தக் கேள்வி அடங்கியது. எவ்வளவு சுகமாக அடங்கியது என்று இப்போதுதான் நினைத்துப் பார்த்தாள். மாமாதான் காட்டிக்கொடுத்தவர் என்று சபையில் இரண்டு மூன்று தடவை அவளே சொல்லியிருக்கிறாள். மற்றவர்களைவிடச் சத்தமாகவே சொல்லியிருக்கிறாள்.

செவ்வாய்க்கிழமை வகுப்புக்கு முன்பாக அக்னெஸின் அறைக்குப் போய்த் தன் கட்டுரையைத் திருப்பிக் கேட்டாள். அக்னெஸ் அதைத் திருத்தி முடித்து, வாதம் உறுதியாக இருக்கிறது என்று ஓரத்தில் எழுதியும் வைத்திருந்தாள். குணேஸ்வரி விசாரணையைப் பற்றி வாய் திறக்கவில்லை, அங்கே கேட்டதை வெளியே சொல்லக் கூடாது. தன் பங்கை மட்டும் சொன்னாள். இருபது வருடத்துக்கு முன் தம்பியைத் தேடி வந்தவர்களுக்கு இடம் சொன்னது தான்தான், கண்ணாடியையும் கொடுத்துவிட்டது தான்தான், இப்போதுதான் நிச்சயமாகத் தெரிந்தது என்றாள்.

அக்னெஸ் கட்டுரையை மூடி மேசையில் வைத்தாள். இருபத்திரண்டு வருடமாக இந்தப் பாடத்தைக் கற்பிக்கிறேன், இப்படி ஒருவர் என் அறைக்குள் வந்து நின்றது இல்லை என்றாள். அவளுடைய கண் கலங்கியிருந்தது. எட்டுப் பக்கமும் பிழை என்று குணேஸ்வரி சொன்னாள். பிழை இல்லை, நீ எழுதியது மற்றவர்களுக்குச் சரி என்றாள் அக்னெஸ்.

கதவடியில் வைத்துத்தான் இன்னும் ஒன்று சொன்னாள். அந்தச் சட்டம் தெரியாமல் செய்தவனைப் பார்த்து உன் மனம் எப்படி இருக்கிறது என்று கேட்கவே இல்லை, யாரிடம் போக வேண்டும் என்று மட்டும்தான் சொன்னது என்றாள்.

யாரிடம் போவது? தகப்பனும் தாயும் செத்துவிட்டார்கள். தயாளனுக்கு மிஞ்சியிருப்பது அவளும், ஆற்றுக்கு அப்பால் லவாலில் இருந்த அண்ணன் கிருபானந்தனும்தான். அண்ணைதான் அவளைக் கனடாவுக்குக் கூப்பிட்டவர். படிக்க வைத்தவர், முதல் குளிர்காலத்துக்குச் சப்பாத்து வாங்கித் தந்தவர். அவள் ஏன் கல்யாணம் செய்யவில்லை என்று ஒருநாளும் கேட்காதவர். அவர் சிவநேசம் மாமாவை வெறுத்த அளவுக்கு வேறு யாரும் வெறுத்ததில்லை.

லவாலுக்கு அப்போது மெட்ரோ போகவில்லை, வேலை நடந்துகொண்டிருந்தது. கடைசி நிலையத்தில் இறங்கி பஸ் எடுத்துப் போனாள். ஞாயிற்றுக்கிழமை. அண்ணி கடைக்குப் போயிருந்தார். அண்ணை கராஜில் கார்ச் சக்கரங்களைக் குளிர்காலத்துக்காக மாற்றிக்கொண்டிருந்தார். அவள் நின்றபடியே சொன்னாள்.

“அண்ணை, தயாளன் நிண்ட இடத்தைச் சொன்னது மாமா இல்லை. நான்தான். வந்த பெடியளிட்டை நான்தான் சொன்னனான். கண்ணாடியும் நான்தான் குடுத்தனான்.”

அவர் திருகிக்கொண்டிருந்த நட்டை இறுக்கி முடித்தார். அடுத்ததை எடுத்தார். அதையும் இறுக்கினார். பிறகு துணியால் கையைத் துடைத்துக்கொண்டு, அவளைப் பாராமல் பேசினார்.

“இதை இனி ஒருத்தருக்கும் சொல்லாதை.”

மாமாவுக்காவது சொல்ல வேண்டாமா என்று கேட்டாள். செத்துப்போனவன் செத்துப்போனான், அந்த ஆள் அங்கே தன்பாட்டில் இருக்கிறார், இருபது வருடத்துக்குப் பிறகு இதைக் கிளறி யாருக்கு என்ன லாபம் என்றார். உள்ளே வந்து சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார். குரல் கொஞ்சமும் மாறவில்லை. அவள் சாப்பிடவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில், பாலத்தில் ஏறும்போது, அவளுக்கு அது உறைத்தது. உனக்கு யார் சொன்னது என்று அண்ணை கேட்கவில்லை. எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை. உண்மையாகவோ என்றுகூடக் கேட்கவில்லை. இருபது வருடம் நம்பிய ஒன்று பிழை என்று கேள்விப்படுகிற மனிதன் நட்டு இறுக்க மாட்டான். இரண்டு கைகளாலும் முன்னிருக்கைக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பக்கத்தில் இருந்த பெண் பிரெஞ்சில், சுகமில்லையா என்று கேட்டாள்.

அடுத்த நாள் காலை மூலைக் கடையில் தொலைபேசி அட்டை ஒன்று வாங்கினாள். திருச்சி இலக்கத்தைப் பாரிஸில் இருக்கும் ஒரு மச்சாளிடம் பொய் சொல்லி எடுத்தாள். அங்கே பின்னேரம். முதலில் மகள் எடுத்தாள், பெயரைக் கேட்டதும் பேசாமல் கொடுத்துவிட்டாள். மாமாவின் குரல் அவள் நினைத்ததைவிட உரமாக இருந்தது.

கராஜில் சொன்னதையே அவருக்கும் சொன்னாள். மறுபக்கத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் போனது கேட்டது.

“எனக்குத் தெரியும் பிள்ளை,” என்றார்.

லேஞ்சியைப் பார்த்ததுமே தெரியும் என்றார். அக்கா குடுத்துவிட்டவ என்று சொல்லிக்கொண்டுதான் பெடியள் வந்தார்கள், கண்ணாடியையும் காட்டினார்கள், அதை நம்பித்தான் நானும் அவனைக் கூப்பிட்டுவிட்டேன் என்றார். செத்த வீட்டன்றே அதைக் கிருபானந்தனுக்குச் சொல்லிவிட்டாராம். கிருபானந்தன் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, இது குணேஸ்வரியின் காதுக்குப் போனால் அவள் கிணற்றில் விழுந்துவிடுவாள், ஒரு மாதத்துக்கு மட்டும் ஒன்றும் கதையாதேயுங்கோ என்று கெஞ்சினானாம்.

“ஒரு மாசம் எண்டுதான் கேட்டவன். நானும் ஓம் எண்டனான். நீ குமர்ப்பிள்ளை, எனக்கும் இரக்கமாக் கிடந்தது. அந்த ஒரு மாசத்துக்குள்ள ஊர் என்னைச் சொல்லத் தொடங்கிற்று. உன்ர அண்ணன் இல்லையெண்டு சொல்லேல்லை. பேந்து முப்பத்தோராம் நாள் கிரியைக்குக் கூடின சபையில அவனே எழும்பி நிண்டு என்ர பேரைச் சொன்னவன்.”

குணேஸ்வரி சுவரில் சாய்ந்தபடி கீழே இருந்துவிட்டாள். அந்தச் சபையில் அவளும் இருந்தாள். அண்ணை எழும்பி நின்றது நினைவிருக்கிறது. அவருடைய குரல் தழுதழுத்ததும் நினைவிருக்கிறது. தம்பிக்காக அழுகிறார் என்று நினைத்தாள்.

அவள் மன்னிப்பைப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கியதும் அவர் தடுத்தார்.

“அதைக் கேக்காதை பிள்ளை. கேட்டால் நான் இல்லையெண்டு சொல்ல வேண்டி வரும். உன்ர மாமியைச் சுடலைக்குக் கொண்டுபோக நாலு பேர் இல்லாமல் கூலிக்கு ஆள் பிடிச்சனான்.”

அட்டையில் நிமிடங்கள் இருந்தன. இரண்டு பேரும் தொலைபேசியை வைக்கவும் இல்லை, பேசவும் இல்லை. பிறகு அவர்தான் வைத்தார்.

அந்தக் கிழமை முழுவதும் அவள் தொலைபேசியில் இருந்தாள். லண்டன், பாரிஸ், ரொறன்ரோ, சூரிச். பதினாலு வீடுகள். சிவநேசம் மாமா காட்டிக்கொடுக்கவில்லை, இடத்தைச் சொன்னது நான்தான் என்று ஒவ்வொருவருக்கும் சொன்னாள். அண்ணையின் பெயரை எங்கும் எடுக்கவில்லை. சிலர் அழுதார்கள். ஒருவர் நம்பாமல், உனக்கு விசரோ என்று கேட்டார். தயாளனோடு ஒன்றாகப் படித்த மச்சான் ஒருவன், இத்தனை வருடம் எங்களையெல்லாம் அந்த மனிசன்மேல் துப்ப வைத்தாயே என்று சொல்லி வைத்துவிட்டான், அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை. அண்ணைக்கும் செய்தி போயிருக்கும். லவாலிலிருந்து அழைப்பு வருவது நின்றது.

இரவிச்சந்திரனுடைய விசாரணையை வேறொரு மொழிபெயர்ப்பாளரோடு நடத்தி முடித்தார்கள். மார்கழியில் ஒருநாள் பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு மளிகைக் கடையில் அவனைக் கண்டாள். அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் நின்றான். அவளைக் கண்டதும் கூடையைக் கீழே வைத்துவிட்டு, பின்பக்கமாக நகர்ந்து வெளியேறினான். அவன்மேல் வெறுப்பு வரும் என்று அவள் அதுவரை காத்துக்கொண்டிருந்தாள். வெறுப்பு வரவில்லை. அவன் கூடையில் ஒரு கட்டு முருங்கைக்காயும் தயிர் டப்பாவும் இருந்தன. இந்தக் காரியத்தை நாங்கள் இரண்டு பேருமாகத்தான் செய்தோம், மற்றவர்கள் எல்லாரும் வெளியே நிற்கிறார்கள் என்ற எண்ணம் வந்தது. அது வெறுப்பைவிடப் பயங்கரமாக இருந்தது. சாமான் வாங்காமலே திரும்பி வந்தாள். அவன் கோரிக்கையை நிராகரித்துவிட்டார்கள் என்று தை மாதத்தில் கேள்விப்பட்டாள். பொய் சொன்னதற்காக இல்லை, உண்மையைச் சொன்னதால்தான் என்று ஆட்கள் கதைத்தார்கள். அதற்குப் பிறகு அவன் எங்கே போனான் என்று யாருக்கும் தெரியவில்லை. அவன் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று அவளுக்கும் தெரியாது.

மாசி மாதம், கடும் குளிரான ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அண்ணை வந்தார். மூன்று மாடி ஏறி வந்த மூச்சு அடங்கும்வரை வாசலில் நின்றார். சப்பாத்தைக் கழற்றாமல், கோட்டைக் கழற்றாமல், வாசலுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தார். பனி உருகி அவர் காலடியில் குளமானது. நாலு மாதத்தில் ஆள் வற்றிப்போயிருந்தார்.

“உன்னைக் காப்பாத்திறன் எண்டுதான் நினைச்சனான்,” என்றார்.

“தெரியும் அண்ணை.”

“முதல் நாள் அப்பிடித்தான் நினைச்சனான். பேந்து… பேந்து சொல்ல ஏலாமப் போயிற்று. ஒவ்வொரு நாளும் இன்னும் கொஞ்சம் ஏலாமப் போயிற்று.”

அவளுக்கு அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போலவும், கதவைத் திறந்து வெளியே தள்ள வேண்டும்போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. அவர் மாமாவின் இலக்கத்தைக் கேட்டார். ஒரு கடதாசியில் எழுதிக் கொடுத்தாள். அதை நாலாக மடித்து கோட்டின் உள்பையில் வைத்துக்கொண்டு, தேத்தண்ணி வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். யன்னலால் பார்த்தபோது, கார் இயங்கியபடி நின்றது, வைப்பர் போய்ப் போய் வந்தது. கால் மணிநேரத்துக்குப் பிறகுதான் புறப்பட்டது.

அவர் அந்த இலக்கத்தை அழுத்தினாரா என்று அவள் கேட்கவில்லை. பங்குனி மாதத்தில் ஒரு காலை திருச்சியிலிருந்து மாமாவின் மகள் தொலைபேசி எடுத்தாள். எடுப்பாள் என்று குணேஸ்வரி எதிர்பார்த்திருக்கவில்லை. நேற்றுக் கனடாவிலிருந்து ஒருவர் அப்பாவுக்கு எடுத்தார் என்றாள். யார் என்று அப்பா சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை, ஆனால் அந்தப் பக்கத்தில் ஒரு ஆம்பிளை அழுகிற சத்தம் எனக்கே கேட்டது என்றாள்.

“அப்பா ஒண்டும் கதைக்கேல்லை அக்கா. அரை மணித்தியாலம் காதில வைச்சுக்கொண்டு சும்மா இருந்தவர்.”

“வைக்கேல்லையோ?” என்று குணேஸ்வரி கேட்டாள்.

“இல்லை,” என்றாள் அவள். “வைக்கேல்லை.”